வளர்ப்பு முயலின் தும்மலும் பல் நலமும்

வீட்டில் வளர்க்கப்படும் முயலுக்கு உண்டாகும் உடல்நலக் குறைகளுள் பல் கோளாறும் மூச்சுப்பாதைக் கோளாறும் முக்கியமானவை. இவை இரண்டும் வெவ்வேறு நோய்களாகத் தோன்றும். ஆனால் முயலின் மண்டையோட்டில் பல்லின் வேர்ப்பகுதி, மூக்கறை, கண்ணீர் நாளம் ஆகிய மூன்றும் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. எனவே பல்லில் தோன்றிய கேடு கண்ணில் நீராகவோ மூக்கில் தும்மலாகவோ வெளிப்படுவது உண்டு. தும்மலைச் சாதாரணச் சளி என்று எண்ணி விட்டுவிடுவதும், முயல் உண்ண மறுக்கும் நாள்வரை அதன் பல்லைப் பாராமல் இருப்பதும் பல முயல்களின் உயிரிழப்புக்குக் காரணமாகின்றன.

முயல் இயற்கையில் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம். நோயுற்றதை வெளிக்காட்டும் முயல் எளிதில் வேட்டையாடப்படும் என்பதால், வலியை மறைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. நாயைப் போல முனகுவதோ பூனையைப் போலக் கத்துவதோ இல்லை. இதனால், வளர்ப்பவர் நாள்தோறும் சிறு மாற்றங்களைக் கவனித்துக் குறித்து வைப்பதே நோயை உரிய காலத்தில் கண்டறியும் வழியாகும்.

முயலின் பற்கள்

உலகில் வளர்க்கப்படும் வீட்டு முயல் இனங்கள் அனைத்தும் ஐரோப்பிய முயலிலிருந்து தோன்றியவை. தமிழ்நாட்டின் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் காணப்படும் கருங்கழுத்து முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் முயலை எலி, அணில் முதலிய கொறிணிகளோடு சேர்த்து வகைப்படுத்தினர். 1912 ஆம் ஆண்டு முதல் அது லாகோமார்பா என்னும் தனி வரிசையாகக் கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டுக்கு முக்கியச் சான்று பல்லே ஆகும். முயலின் மேல்தாடையில் இரண்டு பெரிய வெட்டுப்பற்களுக்குப் பின்னால், ஆப்பு வடிவில் மேலும் இரண்டு சிறு வெட்டுப்பற்கள் உள்ளன. இவை கொறிணிகளுக்கு இல்லை.

வளர்ந்த முயலுக்கு மொத்தம் 28 பற்கள் உள்ளன. மேல்தாடையில் 4 வெட்டுப்பற்களும் கீழ்த்தாடையில் 2 வெட்டுப்பற்களும் இருக்கும். மேலே 12, கீழே 10 என மொத்தம் 22 கடைவாய்ப் பற்கள் உண்டு. கோரைப்பற்கள் இல்லை. வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லற்ற ஓர் இடைவெளி உண்டு.

மனிதரின் நிலைப்பற்கள் முளைத்து முழு உயரம் அடைந்தபின் வளர்வதில்லை. முயலின் பற்களோ வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. தேய்மானம் சிறிதும் இல்லையெனில் ஓர் ஆண்டில் ஒரு பல் 10 சென்டிமீட்டர் நீண்டுவிடும். கடைவாய்ப் பற்கள் இதைவிட மெதுவாக வளரும். வளர்ச்சிக்கு ஈடாகத் தேய்மானம் நிகழும்வரை பல்லின் உயரம் மாறாமல் இருக்கும். இந்தச் சமநிலை குலைவதே பெரும்பாலான பல் நோய்களின் தொடக்கம் ஆகும்.

வெட்டுப்பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. வாய் மூடியிருக்கும்போது கீழ் வெட்டுப்பற்களின் நுனி மேலுள்ள பெரிய பற்களுக்கும் ஆப்புப் பற்களுக்கும் இடையே பொருந்தி நிற்பதே சரியான அமைப்பு. கடைவாய்ப் பற்கள் தேய்வது புல்லை அரைப்பதனால். முயல் புல்லை அரைக்கும்போது அதன் கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர்கிறது. நார் மிகுந்த புல்லை நெடுநேரம் இவ்வாறு அரைக்க வேண்டியிருப்பதாலும், புல்லில் இயல்பாக உள்ள சிலிக்காத் துகள்கள் அரம்போல் செயல்படுவதாலும் பற்கள் சமமாகத் தேய்கின்றன.

மூக்கும் மூச்சும்

முயல் மூக்கினால் மட்டுமே இயல்பாக மூச்சுவிடும். மூக்கு அடைத்தால் மனிதரைப் போல வாயால் மூச்சுவிட்டுச் சமாளிக்க அதனால் இயலாது. வாயைத் திறந்து மூச்சுவிடும் முயல் உயிருக்குப் போராடும் நிலையில் உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

மேல் வெட்டுப்பற்களின் வேர்ப்பகுதி மூக்கறையின் ஓரமாக அமைந்துள்ளது. கண்ணின் உள்மூலையில் தொடங்கி மூக்கில் திறக்கும் கண்ணீர் நாளம், மேல் முன்கடைவாய்ப் பற்களின் வேர்களையும் வெட்டுப்பற்களின் வேர்களையும் ஒட்டியே செல்கிறது. பல்லின் மேற்பகுதி தேயாமல் நீளும்போது, எதிர்ப்பல்லின் அழுத்தத்தால் வளர்ச்சி பின்புறமாகத் தள்ளப்பட்டு வேர்ப்பகுதி எலும்புக்குள் நீள்கிறது. அது கண்ணீர் நாளத்தை நெருக்கினால் கண்ணீர் வெளியே வழியும். வேரைச் சுற்றிச் சீழ் பிடித்து மூக்கறைக்குப் பரவினால் தும்மலும் மூக்கொழுக்கும் தோன்றும். வெளியே தெரியும் பல் ஒழுங்காக இருக்கும்போதே இவை நிகழலாம்.

தும்மலின் காரணங்கள்

முயல் முகத்தைக் கழுவும்போதோ புல்லை முகரும்போதோ ஓரிரு முறை தும்முவது இயல்பு. தொடர்ச்சியாகவோ நாள்தோறுமோ தும்மினால் காரணம் தேட வேண்டும்.

முதற் காரணம் சுற்றுப்புறம். தூசி படிந்த உலர் புல், மரத்தூள், கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை, வாசனைத் தெளிப்பான் ஆகியவை மூக்கின் உட்சவ்வை உறுத்தும். கூண்டில் தேங்கும் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா இவற்றைவிடக் கேடானது. அது உட்சவ்வைப் புண்ணாக்கி நுண்ணுயிர்கள் புக வழிசெய்கிறது. முயலின் மூக்கு தரைக்கு அருகில் இருப்பதால், நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு நாற்றம் தெரியாதபோதும் அதற்குப் பாதிப்பு இருக்கலாம்.

இரண்டாவது நுண்ணுயிர்த் தொற்று. பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா இதில் முதலிடம் பெறுகிறது. போர்டடெல்லா, ஸ்டெபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவையும் காரணமாகலாம். பாஸ்டுரெல்லாவை மூக்கில் சுமந்தும் நோயின்றி வாழும் முயல்கள் பல. வெயில் வெக்கை, இடமாற்றம், நெரிசல், வேறு நோய் ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குறையும்போது நோய் தலைதூக்கும். தொற்று நுரையீரல், நடுச்செவி, கண் ஆகிய இடங்களுக்கும் பரவக்கூடும்.

மூன்றாவது மூக்கில் சிக்கிய பொருள். புல்லின் துண்டோ விதையின் முள்ளோ ஒரு நாசியில் புகுந்தால் திடீரெனக் கடுமையான தும்மல் தொடங்கும்.

நான்காவது பல். மேலே கூறியவாறு வேரின் நீட்சியோ சீழோ மூக்கைப் பாதிக்கும்.

தும்மல் தோன்றும் விதமே இவற்றுள் எது என்பதற்குக் குறிப்புத் தரும். புதிய புல் இட்டவுடன் தோன்றி, புல்லை மாற்றியதும் நின்றால் தூசியே காரணமாக இருக்கலாம். இரு நாசிகளிலும் வெண்மையாகவோ மஞ்சளாகவோ சளி வந்தால் தொற்றை ஐயுற வேண்டும். ஒரு நாசியில் மட்டும் சளி வந்து, அதே பக்கக் கண்ணிலும் நீர் வழிந்தால் பல்வேரை நினைக்க வேண்டும். இவை ஐயத்துக்கான குறிப்புகளே ஆகும். முடிவு கூற மருத்துவச் சோதனை தேவை.

பல் கோளாறுகள் உண்டாகும் விதம்

பல் பொருத்தக்கேடு பிறவியிலேயே அமையலாம். முகம் குட்டையாக இருக்கும்படி இனப்பெருக்கம் செய்யப்பட்ட குள்ள இனங்களில், கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னே நீண்டு, வெட்டுப்பற்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் போகின்றன. இது குட்டிப் பருவத்திலேயே வெளிப்படும். இக்குறை மரபுவழி வருவதால் இத்தகைய முயல்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

பிறந்தபோது சரியாக இருந்த பல் பிற்காலத்தில் கெடுவதும் உண்டு. புல் குறைந்து, குச்சித்தீவனமும் தானியமும் பழமும் மிகுந்த உணவே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இத்தகைய உணவை முயல் சிறிது நேரமே மெல்லும். அதுவும் பக்கவாட்டில் அரைக்காமல் மேலும் கீழுமாகக் கடித்து நொறுக்கும். பிரிட்டன் கால்நடை மருத்துவர் பிரான்சிஸ் ஹார்கோர்ட்-பிரவுன், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் குறைவால் தாடையெலும்பு வலுவிழந்து பற்கள் இடம் பெயர்வதையும் ஒரு காரணமாக முன்வைத்தார். அடிபடுதல், கூண்டின் கம்பியை இழுத்துக் கடித்தல் ஆகியவற்றாலும் வெட்டுப்பற்கள் உடையவோ கோணவோ செய்யும்.

தேய்மானம் குறைந்த கடைவாய்ப் பற்களின் ஓரங்களில் கூரிய முட்கள் உருவாகின்றன. கீழ்ப்பல் முட்கள் நாக்கையும், மேல்பல் முட்கள் கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் உண்ண முடியாத நிலை இதனால் உண்டாகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- தட்டை நோக்கி ஆவலுடன் ஓடிவந்து, உணவை முகர்ந்துவிட்டு விலகுதல். வாயில் எடுத்த உணவைக் கீழே போடுதல்
- புல்லைத் தவிர்த்து மென்மையான உணவை மட்டும் தேர்ந்தெடுத்தல்
- மோவாயும் கழுத்தின் அலைதாடியும் எச்சிலால் நனைந்திருத்தல்
- முன்னங்கால்களின் உட்புற மயிர் சடைபிடித்திருத்தல். மூக்கொழுக்கையும் எச்சிலையும் முயல் முன்னங்காலால் துடைப்பதால் இவ்வாறு ஆகும்
- ஒரு கண்ணில் நீரோ பால்போன்ற சீழோ வழிதல், கண் பிதுங்குதல்
- தாடையின் அடிவிளிம்பில் கட்டியோ மேடுபள்ளமோ தட்டுப்படுதல்
- புழுக்கை சிறுத்தல், எண்ணிக்கை குறைதல்
- பின்புறத்தில் மென்புழுக்கை ஒட்டியிருத்தல். முயல் இதைத் தானே எடுத்துண்பது இயல்பு, வாய்வலி இருந்தால் எடுக்காது
- எடை குறைதல்
- கூனிக்குறுகி உட்கார்ந்து, கேட்கும்படி பல்லை நறநறவெனக் கடித்தல்

முயலைத் தடவிக் கொடுக்கும்போது மென்மையாகப் பல் உரசுவது மகிழ்ச்சியின் அடையாளம். தனித்து ஒடுங்கியிருக்கும்போது உரக்கக் கடிப்பது வலியின் அடையாளம்.

வீட்டில் கண்காணிக்கும் முறை

நாள்தோறும் பார்க்க வேண்டியவை நான்கு: உண்ட புல்லின் அளவு, புழுக்கையின் அளவும் எண்ணிக்கையும், மூக்கும் கண்ணும் உலர்ந்திருக்கின்றனவா என்பது, முன்னங்காலின் உட்புறம். பழகிவிட்டால் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். ஒரே கருவியில், ஒரே வேளையில், கூடையில் உட்காரவைத்து எடை பார்ப்பது நல்லது. 2 கிலோ எடையுள்ள முயல் 100 கிராம் இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 3 கிலோ இழப்பதற்கு நிகரானது. அடர்ந்த மயிர் உடலின் மெலிவை மறைத்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத இழப்பை எண் காட்டிவிடும்.

வாரம் ஒருமுறை வெட்டுப்பற்களையும் பார்க்கலாம். முயலைத் தரையிலோ மடியிலோ அமர்த்தி, உடலை அணைத்துப் பிடித்து, மேலுதட்டைப் பக்கவாட்டில் மெல்ல விலக்கினால் போதும். பற்கள் வெண்மையாக, வழவழப்பாக, நேராக இருக்க வேண்டும். மேலுள்ள பெரிய பற்களின் நடுவில் செங்குத்தாக ஒரு பள்ளக்கோடு இருப்பது இயல்பு. குறுக்கு வரிகள், நிறமாற்றம், சாய்வு, நீளத்தில் வேறுபாடு ஆகியவை கோளாற்றைக் குறிக்கும். பிறகு விரல் நுனிகளால் இரு பக்கத் தாடைகளையும் ஒருசேரத் தடவி ஒப்பிட வேண்டும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மல்லாத்திப் போடுவதும் கூடாது. அப்போது அது அசையாமல் கிடப்பது அச்சத்தினால் ஆகும். பின்னங்கால்களுக்குத் தாங்கல் இல்லாதபோது திமிறி உதைத்தால் முதுகெலும்பு முறியக்கூடும்.

கடைவாய்ப் பற்களை வீட்டில் பார்க்க இயலாது. முன்பற்கள் நன்றாக இருப்பதால் எல்லாப் பற்களும் நன்றாக உள்ளன என்று முடிவு செய்வது தவறு.

தும்மல் உள்ள முயலுக்கு, அது ஓய்வாக இருக்கும்போது விலாப்பகுதியின் ஏற்ற இறக்கத்தை 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிட மூச்செண்ணிக்கை கிடைக்கும். 30 முதல் 60 வரை இயல்பானது. தும்மல் குறிப்பேட்டில் நாள், நேரம், தும்மிய இடம், அப்போது செய்துகொண்டிருந்தது, சளியின் நிறம், எந்த நாசி என்பவற்றை எழுத வேண்டும். கைப்பேசியில் எடுத்த காணொளியும் உதவும். மருத்துவமனை மேசையில் அச்சத்தால் முயல் தும்மாமலே இருந்துவிடலாம். அந்நேரத்தில் குறிப்பேடும் காணொளியுமே மருத்துவருக்குச் சான்றாகும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

வாய் திறந்து மூச்சுவிடுதல், உதடு நீலம்பாரித்தல், தலை ஒருபுறம் சாய்தல், 12 மணிநேரம் உண்ணாமலோ புழுக்கை இடாமலோ இருத்தல் ஆகியவை அவசர நிலைகள். முயலின் குடல் இடையறாது இயங்க வேண்டிய உறுப்பு. உணவு நின்றால் குடல் இயக்கம் குறைந்து, வாயு சேர்ந்து, வலி மிகுந்து, அந்த வலியால் மேலும் உண்ணாமல் போகும். பல்வலியில் தொடங்கிய துன்பம் ஓரிரு நாளில் உயிரைப் பறிப்பது இந்த வழியில்தான். "நாளை பார்க்கலாம்" என்பது நாய்க்கோ மாட்டுக்கோ பொருந்தலாம். உண்ணாத முயலுக்குப் பொருந்தாது.

மருத்துவ ஆய்வும் சிகிச்சையும்

மருத்துவர் ஒளியூட்டும் கருவியைக் கடைவாயில் செலுத்திப் பார்ப்பார். முயலின் வாய் சிறியது, உட்புறம் குறுகியது என்பதால் விழித்திருக்கும் நிலையில் எல்லாக் கோளாறுகளும் தெரிவதில்லை. மயக்கமருந்து கொடுத்து ஆய்வதும், மண்டையோட்டின் எக்ஸ்-ரே எடுப்பதும் வேர்களின் நிலையைக் காட்டும். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். தொற்று எனில் மூக்கின் உட்புறத்திலிருந்து எடுத்த சளியை வளர்சோதனை செய்து, ஏற்ற மருந்து தெரிவு செய்யப்படும். மருந்து பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். தும்மல் நின்றவுடன் நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

நீண்ட பற்களைச் சுழலும் பல்மருத்துவக் கருவியால் தேய்த்துச் சீராக்குவர். பொருந்தாத வெட்டுப்பற்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்ய வேண்டும். அவற்றை முழுதாகப் பிடுங்கிவிடுவது மற்றொரு வழி. வெட்டுப்பல் இல்லாத முயல் நறுக்கிய உணவை உதட்டால் கவ்வி உண்டு நலமாக வாழும். முயலின் சீழ் தயிர்க்கட்டி போலக் கெட்டியானது, எளிதில் வடியாது. எனவே தாடைச் சீழ்க்கட்டியைக் கீறிவிடுவது மட்டும் போதாது. கட்டியையும் அதற்குக் காரணமான பல்லையும் அறுவையால் அகற்ற நேரிடும்.

முயல் வாந்தி எடுக்க இயலாத விலங்கு. எனவே மயக்கமருந்துக்கு முன் நாய், பூனைகளைப் போல நெடுநேரம் பட்டினி போடத் தேவையில்லை.

செய்யக் கூடாதவை

நகவெட்டியாலோ கம்பிவெட்டியாலோ பல்லை நறுக்கக் கூடாது. பல் நெடுக்காகப் பிளந்து, உட்கூழ் வெளிப்பட்டு, வேரில் சீழ் பிடிக்க அது வழியாகும்.

மனிதருக்கோ நாய்க்கோ வாங்கிய மருந்தைக் கொடுக்கக் கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைகள் பெருகும். முயல் சில நாட்களில் இறந்துவிடலாம். சளிக்கு எளிதாகக் கிடைக்கும் மருந்துகளில் அமாக்சிசிலினும் ஒன்று என்பதால் இந்த எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது.

வயிறு உப்பியிருக்கும்போது மருத்துவரைக் கேளாமல் ஊசிக்குழலால் உணவு புகட்டக் கூடாது. குடலடைப்பு இருந்தால் அது கேட்டையே விளைவிக்கும்.

உணவும் இருப்பிடமும்

நாளுணவில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். இரவும் பகலும் புல் கிடைக்கும்படி வைக்க வேண்டும். வெளிநாட்டு நூல்களில் கூறப்படும் திமோத்திப் புல் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. தமிழ்நாட்டில் அருகம்புல், கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து படாத இடத்தில் அறுத்து, தூசி உதறி, பூஞ்சணம் பிடிக்காமல் காயவைக்க வேண்டும். குதிரைமசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களில் கால்சியம் மிகுதி. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அவை ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு அளவோடு போதும். குச்சித்தீவனம், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்குச் சுமார் 25 கிராமுக்கு மேற்படாமல் இருத்தல் நலம்.

முயலின் முதன்மை உணவு கேரட் என்பது பரவலான தவறான எண்ணம். அதில் சர்க்கரை மிகுதி என்பதால் எப்போதாவது ஒரு துண்டு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மரக்கட்டை கடித்தால் பல் தேய்ந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. கட்டையை முயல் முன்பற்களாலேயே கடிக்கிறது. கடைவாய்ப் பல் தேயப் புல்லே வேண்டும்.

சிறுநீர் படும் மூலையை நாள்தோறும் துப்புரவு செய்வதும், காற்றோட்டமான நிழலில் வைப்பதும் தும்மலைக் குறைக்கும். 30 பாகை செல்சியசைத் தாண்டும் வெக்கை முயலுக்கு ஒவ்வாதது. புதிதாக வாங்கிய முயலை இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

நீண்டகாலப் பராமரிப்பு

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பல்லைச் சீராக்கி உணவை மாற்றுவதன்மூலம் பல முயல்கள் இயல்பாக வாழ்கின்றன. வேர்கள் எலும்புக்குள் நீண்டபின் நோய் முற்றிலும் நீங்குவது அரிது. அப்போது வலியைக் குறைத்து, குறித்த இடைவெளியில் பல்லைத் தேய்த்து, வாழ்நாள் முழுவதும் பராமரிப்பதே நோக்கமாகும். பழைய மூச்சுப்பாதைத் தொற்றுக்கும் இது பொருந்தும். அவ்வப்போது தும்மும் முயல், நன்கு உண்டு, எடை குறையாமல், துடிப்புடன் இருந்தால் அதன் வாழ்க்கை நல்வாழ்க்கையே. உணவும் ஓட்டமும் நின்று, மருந்தாலும் வலி தணியாத நிலையில், அதன் துன்பத்தை நீட்டிக்காமல் இருப்பது பற்றி மருத்துவருடன் பேச வேண்டியிருக்கும். அந்த முடிவை எடுக்கும்போதும் எடைக்குறிப்பும் உணவுக்குறிப்பும் உள்ள நிலையை மறைக்காமல் காட்டும்.

வீட்டு முயல் நல்ல பராமரிப்பில் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. குட்டியை வாங்கும் நாளிலேயே அதன் வெட்டுப்பற்களைப் பார்ப்பதும், முயலின் பல்லுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அருகில் எங்குள்ளார் என்பதைக் கேட்டறிவதும் அந்த ஆண்டுகளுக்கான முதல் ஏற்பாடாகும்.